தண்ணிக்கு ரெண்டு கிலோ

— தீக்குச்சி கிழிச்சு வச்சுப் பாத்தேன் ஜீவராஜ். அணைஞ்சு போச்சு. ரெண்டாவது குச்சி வச்சேன். அதுவும் அணைஞ்சு போச்சு. ஸ்பிரிட்டுன்னா எரியணுமா இல்லையா? வட்டகொட முழுக்க ஒன்ன மெக்கானிக் பாஸ், பாஸுங்குது. நீயே சொல்லு.

— எரியணும்தாங்க ஐயா.

— அப்ப நேத்து என் கார் டேங்குல இருந்தது என்ன?

— பாதிக்குப் பாதிங்க. நாலு போத்தல் தண்ணி, நாலு போத்தல் நீங்க கொண்டாந்து குடுத்த ஸ்பிரிட்டு. சனிக்கெழம என் கையால அளந்து ஊத்தினேன். முனியாண்டி சத்தியம்.

— முனியாண்டிய விடு. இந்தா, டேங்குல மிச்சம் கெடந்தத இதுல புடிச்சுக் கொண்டாந்திருக்கேன். மோந்து பாரு.

— எனக்கு மூக்கு எங்கங்க ஐயா வேல செய்யுது? இருவது வருசமா பெட்ரோலுக்குள்ள கெடக்குற மூக்கு. வினோதா, இங்க வா புள்ள. இத மோந்து பாத்துச் சொல்லு.

— குடுங்க. ம்... அடேங்கப்பா! தப்பா நெனச்சுக்காதீங்க கண்டாக்கய்யா, இது நம்ம லயத்துப் பீலிக் கொழாத் தண்ணி மாதிரில்ல இருக்கு. லேசா பாசி வாடகூட வருது.

— தேயிலத் தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கு நான், என்கிட்டயே சிரிக்கிறியா வினோதா?

— நான் எங்க சிரிச்சேன்? என் மூஞ்சியே அப்படி. அந்த டயர் மேல உக்காருங்க ஐயா. நின்னுக்கிட்டே கத்துனா தொண்ட கட்டிக்கும். வெளிய மழையும் விடுற மாதிரி இல்ல. ஒரு தேத்தண்ணி ஊத்தட்டா?

— தேத்தண்ணி பேச்சையே எடுக்காத! நேத்து முழுக்க அதத்தான் கேட்டுட்டு வந்திருக்கேன்.

— யாரு கேட்டா?

— நுவரெலியா மலையேத்தப் பந்தயத்துக்கு வந்த அத்தன சனமும்! மொத வளைவு வரைக்கும் நல்லாத்தான் போச்சு. சூப்பர்சார்ஜர் விசிலடிக்குது. மைக்குல பேசுறவன் என் பேரச் சொல்றான், திலக்ஷன், வட்டகொடன்னு. ரெண்டாவது வளைவுல இவன் பூட்டுன பம்ப் வேல செய்ய ஆரம்பிச்சுச்சு. அவ்வளவுதான். கெழட்டு ஆடு மாதிரி இருமுது. பின்னாலேந்து வெள்ள வெள்ளயா ஆவி. எவனோ ஒருத்தன் 'கேத்தலே எனவோ'ன்னு சிங்களத்துல கத்துனான். அதக் கேட்டு நம்ம பயலுக 'கேத்தல் வருது, கேத்தல் வருது, வழிய விடுங்கடா'ன்னு ஆரம்பிச்சிட்டானுக. ஒருத்தன் ரோட்டு ஓரமா வந்து காருக்குள்ள பிளாஸ்டிக் கோப்பய நீட்டுறான்!

— சீனி போட்டுக் கேட்டானா, போடாமலா?

— வினோதா, வாய மூடு புள்ள. ஐயா வேதனையில பேசுறாரு.

— நானும் வேதனையிலதாங்க கேக்குறேன்.

— கடைசி, ஜீவராஜ். கடைசி! கோவா, கேரட் விக்கிற யாவாரி ஒருத்தன் அவன் தாத்தா காலத்துக் கார்ல வந்து எனக்கு முன்னால இருக்கான். பெரிய தொர குடும்பத்தோட பந்தல்ல உக்காந்திருந்தாரு. கொழும்புலேந்து கம்பெனி ஆளுங்க நாலு பேரு பக்கத்துல. என் காருல இருக்குறது இங்கிலாந்துலேந்து வரவழைச்ச செட்டுன்னு அவுங்ககிட்ட நான் சொல்லி வச்சிருந்தேன்.

— இங்கிலாந்தா? தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா, கேக்கணும்னு தோணுது. பம்ப் வந்து பழைய வேன் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற பம்ப். டேங்கு வந்து நெஸ்பிரே பால்மா கலருல ஒரு பிளாஸ்டிக் கேன், போன மாசம் வரைக்கும் நான் அரிசி கழுவுன தண்ணி புடிச்சு வச்சது. அந்த நொசில் வந்து புல்லுக்கு மருந்தடிக்கிற டேங்கோட நொசில். நம்ம ஸ்டோர்லேந்து நீங்களே கையெழுத்துப் போட்டு எடுத்தது. மருந்தடிக்கிற ஜெயகாந்தன் அண்ணே மூனு நாளா நொசில் இல்லாம மலையில சும்மா நின்னுட்டு வாறாரு. இதுல இங்கிலாந்து எந்த எடத்துல வருது?

— நொசில்ல குத்தம் இல்ல புள்ள. அருமையான நொசில் அது. பனி மாதிரி அடிக்கும்.

— ஒன் பொண்டாட்டிக்கு நீ சயின்ஸ் சொல்லிக் குடுக்குறது அப்பறம். மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. இந்த ஷெட் யாரு மண்ணுல நிக்குது?

— தோட்டத்து மண்ணுங்க ஐயா.

— யாரு கையெழுத்துல நிக்குது?

— முன்னால இருந்த கண்டாக்கய்யா குடுத்தாரு. இப்ப ஒங்க கையெழுத்துலங்க. வருசா வருசம்.

— இந்த வருசக் கையெழுத்து இன்னும் போடல. இங்க பாரு, சட்டப் பையில ரெண்டு கடுதாசி இருக்கு. ஒன்னு, ஷெட் இன்னும் ஒரு வருசத்துக்கு இருக்கட்டும்னு. மத்தது, பதினாலு நாளைக்குள்ள தகரத்தக் கழட்டிட்டு எடத்தக் காலி பண்ணணும்னு. எதுல கையெழுத்துப் போடணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு ஒரே ஒரு பேரு வேணும். என் ஸ்பிரிட்ட எடுத்துட்டு தண்ணிய ஊத்தி வச்சவன் பேரு. டிசிப்ளின்னு ஒன்னு வேணும்ல இந்தத் தோட்டத்துல?

— ஐயா, ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. பன்னெண்டு வருசமா இந்தத் தகரத்துக்குக் கீழதான் எங்க பொழப்பு. விடிய பெரட்டுக்குப் போயி ஆளோட ஆளா நின்னு, தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்ட எனக்கு இடுப்பு ஒத்துழைக்காதுன்னு ஒங்களுக்கே தெரியும். ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்க.

— அதான் சொல்றேன். பேரச் சொல்லு. 

— எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனாங்க?

— ஏங்க, நீங்க கும்புட்டுக்கிட்டு நின்னது போதும். ஐயாகிட்ட நான் ஒன்னு கேக்குறேன். எனக்கு இன்னும் வெளங்கல. அந்தக் காருக்குத் தண்ணி எதுக்கு? ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறது எனக்கும் தெரியும். இன்ஜின் வாயிலயே எதுக்குத் தண்ணி அடிக்கிறீங்க? 

— இதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல.

— நான் சொல்றேன் புள்ள. சயின்ஸ் இது, சயின்ஸ். சூப்பர்சார்ஜர்னா காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற மெசின். நம்ம மலையில காத்து மெலிசு. கீழ ஓடுற மாதிரி கார் மேல ஓடாது. அதான் அமுக்கித் தள்ளுறது. ஆனா காத்த அமுக்கினா சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப் அடி சுடுதுல்ல, அது மாதிரி. சூட்டுக் காத்துல பெட்ரோல் போனா, நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாலயே தானா வெடிக்கும். கடல வறுக்குற மாதிரி பட பட பட. அப்படியே நாலு தரம் கேட்டா பிஸ்டன் ஓட்ட. அதுக்குத்தான் தண்ணியும் ஸ்பிரிட்டும். தண்ணி சூட்ட இழுத்துக்கும். ஸ்பிரிட்டு சூட்டயும் இழுக்கும், பெட்ரோலோட சேந்து தானும் எரியும். ஸ்பிரிட்டு எரியுதேன்னு நான் பெட்ரோலக் கொஞ்சம் கொறைச்சு வச்சேன், நெருப்ப கொஞ்சம் முன்னால தள்ளி வச்சேன். ஸ்பிரிட்டு இல்லாம வெறும் தண்ணிய அடிச்சா என்ன ஆகும்? எரியுற அடுப்புல தண்ணி ஊத்துன கதைதான். இருமும், ஆவி விடும்.

— அப்ப பிஸ்டன் ஓட்டையாங்க?

— பிஸ்டனுக்கு ஒன்னும் ஆகல. காலையில ஐயா கார் அனுப்புனதும் கழட்டிப் பாத்தேன். கழுவித் தொடச்ச மாதிரி பளபளன்னு இருக்கு.

— அப்ப தண்ணி நல்லதுதானே செஞ்சிருக்கு.

— காருக்கு நல்லது. எனக்கு நல்லதில்ல வினோதா.

— சரி ஐயா. தண்ணி கலந்தா பவர் கூடும்னு இவரு சொல்றாரு, நீங்களும் ஒத்துக்குறீங்க. இப்ப நான் ஒன்னு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. சனிக்கெழம மலையில மழை. நனைஞ்சுக்கிட்டே கொழுந்து எடுத்தேன். தராசுல பதினெட்டு காட்டுச்சு. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. 'கொழுந்துல தண்ணி இருக்கு, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழி'ன்னு சொன்னீங்க. பதினாறுன்னு எழுதுனாங்க. பதினெட்டுக்குக் கொறஞ்சதால அன்னைக்கு எனக்கு அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் விழுந்துச்சு.

— அது கம்பெனி சட்டம். நனைஞ்ச கொழுந்து பாரம் காட்டும்.

— சட்டம்தான். வெயிலடிச்ச வெள்ளிக்கெழமயும் ரெண்டு கிலோ கழிச்சீங்க. அன்னைக்கு எங்க இருந்து வந்துச்சு தண்ணி? எங்க வேர்வையா? தண்ணி இன்ஜினுக்குள்ள போனா பவருங்கறீங்க, எங்க சாக்குக்குள்ள இருந்தா களவுங்கறீங்க. நல்லா இருக்குய்யா ஞாயம்.

— இங்க வேல பேச வரல நான். அதப் பெரட்டுல வந்து பேசு.

— பெரட்டுல பேசுனா சத்தம் போடாதன்னு சொல்றீங்க. முன்னெல்லாம் என்னப் பாத்தா 'வினோதாக்கா, வினோதாக்கா'ன்னு பின்னாலயே ஓடி வருவீங்க. பீலியில நான் குடம் புடிக்கிறப்ப குறுக்க வந்து குளிப்பீங்க. இப்ப வாய தொறந்தா வினோதா, வாய மூடு, பெரட்டுல பேசு.

— அது அப்ப. இப்ப எனக்கு ஒரு பதவி இருக்கு. அதுக்குன்னு ஒரு மரியாத இருக்கு. 

— இருக்கட்டும்யா. கூப்புட்டாத்தான் மரியாத கொறையும்னா வேணாம்.

— புள்ள, எனக்காக வேணாலும் கொஞ்சம் சும்மா இரு. ஐயா, நடந்தத ஒன்னு ஒன்னா சொல்றேன், நீங்களே பாருங்க. சனிக்கெழம காலையில பத்து மணிக்கு நீங்க காரோட வந்தீங்க. நாலு சாராயப் போத்தல் குடுத்தீங்க.

— ஸ்பிரிட்டுப் போத்தல்.

— போத்தல் சாராயப் போத்தல், உள்ள ஸ்பிரிட்டு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐயா பூசைக்குத்தான் குடுக்குறாருன்னு நெனச்சேன்.

— கண்டியில ரொம்ப கஷ்டப்பட்டு வாங்குனது அது. கேன்ல கொண்டாந்தா வழியில பொலிஸ்காரன் நிப்பாட்டி என்னது, ஏதுன்னு கேப்பான், கடுதாசி கேப்பான். சித்திர மாசம் நுவரெலியா ரோட்டுல சாராயப் போத்தல் இல்லாத கார்தான் அவனுக்குச் சந்தேகம். அதான் போத்தல்ல ஊத்திக் கொண்டாந்தேன். ஒன்கிட்ட நல்லாச் சொன்னேன்ல? இது குடிக்கிற சாமான் இல்ல, ஒரு மொடக்கு உள்ள போனா கண்ணு போகும், ரெண்டு மொடக்குன்னா ஆளே போகும்னு?

— சொன்னீங்க ஐயா. அதான் நான் ஊத்துறப்ப மூக்கோட வாயோட துண்டக் கட்டிக்கிட்டு, தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஊத்துனேன்.

— சொன்னீங்கதான். நானும் கேட்டேன். அப்ப நான் ரொட்டி கொண்டாந்து குடுத்துட்டு மலைக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். ஆனா போத்தல்ல ஒரு வார்த்த எழுதலையே ஐயா? ஒரு கோடுகூட கிழிக்கல. சாராய லேபல் அப்படியே ஒட்டியிருந்துச்சு.

— ஜீவராஜுக்கு மட்டும்தானே குடுத்தேன்? பத்திரமா வைன்னேன்.

— பத்திரமாத்தாங்க வச்சேன். அந்தா அந்தப் பழைய லொறி டயருக்குப் பின்னால.

— அதுவா பத்திரமான எடம்? தோட்டத்துல பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும், ஜீவராஜ் பாஸ் தன்னோட கசிப்புச் சாராயப் போத்தல ஒளிச்சு வைக்கிறது அந்த டயருக்குப் பின்னாலன்னு. வேலைக்கு வாறவன் போறவன் எல்லாம் கைய விட்டு ஒரு மொடக்கு ஊத்திக்கிட்டுத்தான் போறான். ரெண்டு வருசமா மட்டம் கொறையுதேன்னு இவரு என்னயத்தான் சந்தேகப்பட்டாரு!

— ஓஹோ. அப்ப ஒரு பெரிய கூட்டமே இருக்கு. நல்லது. ஜீவராஜ், நீ எத்தன மணிக்கு வெளிய போன?

— மூனு மணிக்குங்க. ஓஸ் பைப்புக்கு ஒரு கிளிப் தேவப்பட்டுச்சு, தலவாக்கலைக்குப் போனேன். ஆறு மணிக்குத்தான் வந்தேன். வந்ததும் கலந்து ஊத்தி டேங்கப் பூட்டிட்டேன்.

— மூனுலேந்து ஆறுக்குள்ள யாரு வந்தது? பழனியாண்டி! காவக்காரன் பழனியாண்டிதான். எனக்கு அப்பவே தெரியும். நாளைக்கே அவன் வேலய நிப்பாட்டுறேன்.

— பழனியாண்டி அண்ணன் அன்னைக்கு டயகமயில இருந்தாரு ஐயா. அவரு மச்சானோட கருமாதி. அவருக்கு லீவு குடுத்து கையெழுத்துப் போட்டதே நீங்கதான்.

— அப்ப வேற எவனாவது ஒரு குடிகாரன். இந்தத் தோட்டத்துல குடிகாரனுக்கா பஞ்சம்? மனுசன் வெளங்காம போறதே இதுனாலதான். எங்கப்பாவும்தான் குடிச்சாரு. நான் கண்டாக்கு ஆன அன்னைக்கு ஒரே ஒரு வார்த்த சொன்னேன். 'நீங்க இனிமே கண்டாக்கோட அப்பா, ஞாபகம் வச்சுக்கோங்க'ன்னேன். விட்டுட்டாரு. மூனு வருசம் ஆச்சு. ஒரு சொட்டு தொடுறதில்ல. டிசிப்ளின்.

— அப்பாவக் கடைசியா எப்பப் பாத்தீங்க?

— தைப்பொங்கலுக்கு.

— இப்ப சித்திர.

— நேரம் எங்க இருக்கு எனக்கு? மாசாமாசம் சாமான் அனுப்புறேன். குவாட்டர்ஸுக்கு வாங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன், லயத்து வீட்ட விட்டு வர மாட்டேங்கறாரு. அந்த மேப்பிரிவு ரோட்டுல கார் நிப்பாட்ட ஒழுங்கா ஒரு எடம் இல்ல. 

— ரோட்டுலேந்து நாப்பது படி ஏறணும். எனக்கும் தெரியும். சனிக்கெழம காலையில நீங்க இங்க வாறதுக்கு முன்னால அந்த வழியாத்தானே வந்தீங்க? விசில் சத்தம் மலைக்கே கேட்டுச்சு.

— அத எதுக்கு இப்ப கேக்குற?

— சும்மா கேட்டேன்.

— ஐயா, எனக்கு ஒன்னு வெளங்குது. சயின்ஸா யோசிச்சுப் பாருங்க. நீங்க சொல்ற மாதிரி எவனாவது அந்த நாலு போத்தலயும் குடிச்சிருந்தா, இந்நேரம் தோட்டத்துல நாலு எழவு விழுந்திருக்கணும். இல்லாட்டி நாலு பேரு கண்ணு தெரியலன்னு ஆஸ்பத்திரியில கெடக்கணும். இன்னைக்குக் காலையில பெரட்டுக்கு எல்லாரும் வந்தாங்களா இல்லையா?

— எல்லாரும் வந்தாங்க.

— அப்ப ஒருத்தனும் குடிக்கல. குடிக்கவும் இல்ல, டேங்குலயும் இல்லன்னா, அத யாரோ கீழ ஊத்தியிருக்கணும். ஊத்திட்டு, போத்தல்ல தண்ணிய ரொப்பி இருந்த எடத்துலயே வச்சிருக்கணும். நான் துண்டக் கட்டிக்கிட்டு தண்ணியோட தண்ணியக் கலந்து ஊத்தியிருக்கேன். குடிக்கிறவன் அப்படிச் செய்ய மாட்டான். குடிக்காதவன்தான்... ஏய். வினோதா. என் மூஞ்சியப் பாரு.

— பாக்குறேன். கருப்பா கிரீஸ் ஒட்டியிருக்கு.

— நீயா?

— நாந்தான்.

— அடிப் பாவி!

— வினோதா, நீயா செஞ்ச இத?

— ஆமாங்க ஐயா. நாலரைக்கு மலையிலேந்து வந்தேன். டயருக்குப் பின்னால பாத்தேன். நாலு போத்தல். இந்தா, மழைத்தண்ணி ஓடுற இந்தக் கானுக்குள்ளதான் கவுத்தேன். பீலியில போயி நாலுலயும் தண்ணி புடிச்சேன். மூடி போட்டு, இருந்த மாதிரியே வச்சேன்.

— அரைப் பேரு விழுந்த ஆத்திரம்! ரெண்டு கிலோவுக்காக என் பந்தயத்தையே நாசம் பண்ணிட்ட!

— ஆத்திரம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். கார் கெட்டாலும் கெடட்டும்னு ஒரு பக்கம் மனசுல தோணுச்சு. ஆனா அதுக்காக ஊத்தல ஐயா. பாதித் தண்ணி ஊத்தலாம்னா முழுசும் ஊத்துனா என்ன ஆயிரப் போகுதுன்னுதான் நெனச்சேன். எனக்கு என்ன தெரியும் ஒங்க சயின்ஸ்? எனக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னு. அஞ்சு மணிக்கு இந்த ஷெட்டுக்கு ஒருத்தர் வருவாரு. ஒரு நாள் தவறாது. வந்து அந்த டயர் மேல உக்காருவாரு, இப்ப நீங்க உக்காந்திருக்குற எடத்துல. கொஞ்ச நேரம் மழையப் பாப்பாரு, ரோட்டப் பாப்பாரு. அப்பறம் பின்னால கைய விடுவாரு.

— புள்ள... வேணாம் புள்ள. இதோட நிப்பாட்டு.

— ஏங்க, ஒங்களுக்கு இப்பதான் வெளங்குதா?

— வெளங்கிருச்சு. அவரு இங்க ஒக்காருவாருன்னு தெரியும். குடிக்கிறாருன்னு எனக்குத் தெரியாது, சத்தியமா. ஐயா, தப்பு என் மேலதான். போத்தல அங்க வச்சது நான். எனக்கு இந்த ஷெட் வேணாம், நீங்க கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இந்தப் பேச்ச விட்ருங்க.

— என்னடா நாடகம் போடுறீங்க ரெண்டு பேரும்? எவனோ ஒரு குடிகாரன் அஞ்சு மணிக்கு வருவானாம். அவன் உசுரக் காப்பாத்த என் நாலு போத்தலக் கானுல ஊத்துவாளாம். புருசன்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?

— சொன்னா இவரு ஒங்ககிட்ட ஓடி வருவாரு. நீங்க யாருக்காகன்னு கேப்பீங்க, இப்ப கேக்குற மாதிரி. சொன்னா அந்த மனுசன் மானம் போயிரும். யாருகிட்டயும் சொல்லாத புள்ளன்னு ஏற்கனவே என்கிட்ட கையப் புடிச்சுக் கேட்டிருக்காரு.

— மானமா? அடுத்தவன் போத்தல்ல கைய விடுற நாய்க்கு மானம் வேறயா? கேட்டுக்கோ வினோதா. குடிச்சிருக்கட்டும். நல்லாக் குடிச்சிருக்கட்டும். அந்த ஸ்பிரிட்டக் குடிச்சு அவன் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போயிருக்கட்டும். எனக்கென்ன? நேத்து அத்தன பேரு முன்னால என் மானம் போச்சே, அத யாரு திருப்பித் தருவா?

— ஐயா, வேணாங்க. அந்த வார்த்தையத் திருப்பி எடுத்துக்கோங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.

— நீ தள்ளு ஜீவராஜ். ஷெட் கடுதாசியில இப்பவே கையெழுத்துப் போடுறேன். அதோட அந்தக் குடிகாரன் எந்தக் காம்பராவுல இருக்கானோ, அதையும் பூட்டி அவன வெளிய தள்ளுறேன். குடிகாரனுக்கெல்லாம் தோட்டத்துக் காம்பரா எதுக்கு? ஆபீசுக்குப் போனதும் அதுக்கும் ஒரு கடுதாசி எழுதுறேன். பேரச் சொல்லு.

— ஆபீசு வரைக்கும் எதுக்குய்யா? பேனாதான் கையிலயே இருக்கே. எழுதிக்கோங்க. மேப்பிரிவு.

— மேப்பிரிவு. நம்பர்?

— ஏழாம் நம்பர் காம்பரா.

— ஏழு... ஏழாம் நம்பரா?

— ஏன் நிப்பாட்டிட்டீங்க? நீங்க பொறந்த காம்பராதான். பேரு செல்லசாமி. பள்ளிக்கூடத்துல தகப்பன் பேருன்னு எத்தன தரம் எழுதியிருப்பீங்க, ஒங்களுக்குப் பிழ வராது.

— பொய் சொல்ற. எங்கப்பா விட்டு மூனு வருசம்.

— விட்டாருதான். ரெண்டு வருசம் தொடவே இல்ல. சாயந்தரமானா படியில எறங்கி வந்து ரோட்டு ஓரமா நிப்பாரு, எம் மவன் கார் வருதுன்னு. கார் வரும். விசிலடிச்சுக்கிட்டே போயிரும். ஒரு நாள் நிக்கும்னு நின்னு பாத்தாரு. அப்பறம் இங்க வந்து உக்கார ஆரம்பிச்சாரு. இது கராஜ்ஜாச்சே, என்னைக்காவது கார் இங்க நின்னுதானே ஆகணும்? நின்னா எம் புருசன் வீல் கழட்டுற வரைக்கும் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கலாம்ல. சனிக்கெழம நீங்க பத்து மணிக்கு வந்தீங்க. அவரு அஞ்சு மணிக்கு வந்தாரு.

— வினோதாக்கா...

— இப்பதான் வருதா அக்கா?

— அவரு... அவரு அத எடுத்தாரா? அந்தப் போத்தல?

— எடுத்தாரு. மூடியத் தொறந்து, ஒங்க காரப் பாத்துக்கிட்டே ஒரு மொடக்கு நல்லா இழுத்தாரு.

— அக்கா! என்ன ஆச்சு அவருக்கு?

— என்ன ஆகும்? பீலித் தண்ணி. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு என்கிட்ட சொன்னாரு: 'இதுலயும் தண்ணியா புள்ள? எம் மவன்கிட்ட சொல்லு, ரெண்டு கிலோ கழிச்சிருவான்.'